புள்ளி உதிர்ந்த தங்கமீன்கள்

கலியாணசுந்தரம் வீட்டுத் தங்கமீன்கள் மேல் வெள்ளைப் புள்ளி கண்ட காலையில் சுப்பையன் பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான். முன்கூடத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டால், யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் எவனும் நினைப்பான்.

“டேய் சுப்பையா! கோடாலியப் போட்டுட்டு வாடா இங்க!”

ஓடினான். காஜா பெராங் சாலையைப் பார்த்த கூடம் அது. சுவரோரமாக நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பதினோரு தங்கமீன்கள், வால் ஒவ்வொன்றும் பட்டுத் துணியைக் கிழித்துக் கட்டியது மாதிரி. அதில் இரண்டு, சிங்கப்பூரிலிருந்து போன வாரம் வந்தவை. வந்த அன்றே டின்னோடு கவிழ்த்து மற்றதுகளோடு விட்டிருந்தார் கலியாணசுந்தரம்.

சுப்பையன் குனிந்து பார்த்தான். சிங்கப்பூர் மீன்கள் இரண்டின் மேலும் உப்பை அள்ளித் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் பொடி. பழைய மீன்களிலும் நாலைந்துக்கு வாலில் ஏறியிருந்தது. எல்லாம் அடியில் கிடந்த கல்லில் உடம்பை உரசிச் சொறிந்துகொண்டிருந்தன.

“என்னடா இது?”

“அம்மை மாதிரி இருக்குங்க முதலாளி.”

“மீனுக்கு ஏதுடா அம்மை? வேப்பிலை கட்டி ஆடப்போறியா? சனிக்கிழமை பொன்னுதுரை வர்றாரு. அதுக்குள்ள இந்தச் சனியன் போவணும். போவலைன்னு வை, மேசை மேல இருக்குற காகிதத்த நீ மறந்துடு.”

மேசை மேல் பித்தளை யானை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் தட்டெழுத்தில் அடித்த இரண்டு காகிதங்கள். ஒன்று சுப்பையனுக்கு. மற்றது சமையல்காரி அஞ்சலைக்கு. இரண்டிலும் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த ஆகஸ்டு முடிவதற்குள் பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் கேள்வி குறைவு, அப்புறம் கொடுத்தால் மலாயில் பரீட்சை, அதிலும் தோற்றால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பாசார் கடைத்தெரு முழுக்கப் பேச்சு.  கப்பலேறித் திரும்பினால் ஊரில் சுப்பையனுக்கு யாருமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் இந்தக் கலியாணசுந்தரம் கங்காணியாக வந்து ஆள் கட்டியபோது, நாற்பது பேரில் ஒருவனாகக் கப்பலேறினான். அந்த நாற்பதில் பாதி காய்ச்சலில் போயிற்று. மீதியில் பாதி சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. ரப்பர் தோட்டத்துப் பேரேடு ஜப்பான்காரன் காலத்தில் அடுப்புக்குப் போனது. சுப்பையன் இந்த மண்ணில் இருபத்தெட்டு வருஷம் கிடந்தான் என்று சொல்லி, சர்க்கார் ஆபீசில், கந்தோரில், எடுபடக்கூடிய வாய் இப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கங்காணியின் வாய். அந்த வாய் தரும் சாட்சிதான் யானைக்கு அடியில் கிடந்த காகிதம்.

கங்காணி என்று இப்போது யாரும் சொல்லிவிட முடியாது. சண்டை முடிந்து லோரி வாங்கி, லோரி நாலாகி, டவுனில் வீடு கட்டி, முதலாளி ஆகிவிட்டார். ஒரே மகள் கோகிலாவைப் பண்டார் ஹிலிர் பொன்னுதுரையின் மகனுக்குக் கட்டிவைக்க வேண்டுமென்று ஒரு வருஷமாகத் தவம். பொன்னுதுரை வக்கீல் கந்தோரில் தலைமைக் குமாஸ்தா. பையன் பள்ளிக்கூட வாத்தியார். பொன்னுதுரைக்குத் தங்கமீன் என்றால் உயிர், வீட்டில் மூன்று தொட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட மறுமாதமே இந்தத் தொட்டியும் வந்து இறங்கியது. அதுவரை கலியாணசுந்தரத்துக்கு மீன் என்றால் குழம்பில் கிடப்பதுதான்.

*

மருந்துக் கடைச் சீனன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுப்பையன் சொன்னதைக் கேட்டான். மலாயில்தான் பேசினான். அது ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரியாது, மீனின் தோலுக்குள் புகுந்து உட்கார்ந்து தின்கிறது, அந்த வீக்கம்தான் புள்ளி என்றான். ஒரு புட்டியில் வெள்ளைத் தூள் கொடுத்தான். சுப்பையன் மூடியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் கோணியது.

“கொயினா!”

“கீனா, கீனா,” என்று சிரித்தான் சீனன். அப்புறம் சிரிப்பை விட்டு, விரலை ஆட்டிச் சொன்னான். நாலைந்து நாளில் புள்ளி உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் போயிற்று என்று நினைக்காதே. தின்று கொழுத்த பூச்சி கீழே விழுந்து, கல்லிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு குட்டி போடும். ஒன்று ஆயிரமாகும். அந்தக் குட்டி மீனைத் தேடி நீந்துமே, அப்போதுதான் மருந்து அதைக் கொல்லும். தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் எட்டாது. அதனால் இரண்டு வாரம் விடாமல் போடு. அதுவரை அந்தத் தொட்டி மீனை வேறு எங்கும் சேர்க்காதே.

சுப்பையனுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் விட்டது போல விட்டு மூன்றாம் நாள் எலும்பை உலுக்கிக்கொண்டு திரும்பி வரும் என்பதை அவன் உடம்பே படித்திருந்தது.

சீனன் கொடுத்த அளவுக் கரண்டியை அவன் தொடவில்லை. கொயினாவுக்கு அளவு அவன் நாக்கில் இருந்தது. தோட்டத்தில் ஆஸ்பத்திரி டிரசர் வரிசையில் நிறுத்தித் தகரக் குவளையில் ஊற்றுவான். துப்பினால் கங்காணியின் பிரம்பு முதுகில் விழும். எட்டு வருஷம் குடித்த கசப்பு. இப்போது சுப்பையன் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் தூளைக் கரைப்பான், உள்ளங்கையில் எடுத்து நக்குவான், இன்னும் கொஞ்சம் கரைப்பான். நுனி நாக்கில் பட்டதும் பின்னங்கழுத்து சிலிர்க்க வேண்டும்; அதுதான் கணக்கு. ஒரு கை கல்லுப்பும் போட்டான்.

அஞ்சலை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே தோட்டத்துக்காரிதான். புருஷன் சயாமோடு போனான். கைப்பிள்ளையும் அந்த வருஷமே போயிற்று. பதினோரு வருஷமாக இந்த வீட்டு அடுப்பில் வேகிறாள்.

“அண்ணே, நமக்கு ஊத்தும்போது இவ்ளோ அக்கறையா எவனும் நக்கிப் பாக்கல.”

“நீ தங்கமாப் பொறந்திருந்தா பாத்திருப்பான்.”

“வால் வேணும்லா அதுக்கு,” என்று சிரித்துக்கொண்டே மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

குழாய்த் தண்ணீரில் கலக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. மலாய் பேசும் பழைய தமிழ்க் குடிகள் இருக்கும் செட்டிக் கம்பத்தில் மீனாச்சி வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்து வர வேண்டும். மீனாச்சிக்குப் பெயர்தான் தமிழ். வாயைத் திறந்தால் மலாய். “இக்கான் புன் மாவு மாண்டி?” மீன் கூடக் குளிக்குமா என்று கேட்டு, அஞ்சலை ஒவ்வொரு முறை கயிற்றை இழுக்கும்போதும் கெக்கலி கொட்டுவாள். தினம் நாலு டின். தொட்டியில் கால்வாசியை அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, கல்லைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் நாக்கால் கணக்குப் பார்த்துத் தூள் போட வேண்டும். பூச்சி சீக்கிரம் உதிர வெதுவெதுப்பு நல்லது என்று சீனன் சொன்னதால், அஞ்சலை பொழுது விடிந்தால் ஒரு கெத்தல் வெந்நீரையும் அளவாக விளாவிக் கொடுத்தாள். வேலை இரண்டு பேருடையது. மீன் பிழைத்தால் காகிதமும் இரண்டு பேருக்கும்.

*

சீனன் சொன்ன மாதிரியே வியாழக்கிழமை காலையில் புள்ளி உதிர்ந்திருந்தது. ஒன்றிரண்டின் செவுளோரம் மட்டும் ஒரு பொட்டு. வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. மீன்கள் பசித்துப் போய் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஆனால் கொயினா தொட்டியிலிருந்த பாசிச் செடிகளை அழுகச் செய்துவிட்டது. தண்ணீரும் மங்கல். கலியாணசுந்தரம் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன் வந்து நின்றார்.

“புள்ளி எங்கடா?”

“உதிர்ந்திருக்குங்க முதலாளி.”

“அப்ப சரியாப் போச்சா?”

சுப்பையன் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “இன்னும் பத்து நாள் போடணுமாம் முதலாளி. விட்ட காய்ச்சல் திரும்பும்.”

“உன்னையக் கேட்டனா? கரண்டியப் பிடி.” அவர் சுப்பையன் பக்கம் திரும்பினார். “நாளைக்கு அந்த மனுஷன் வர்றாரு. சாக்கடை மாதிரித் தண்ணிய வச்சு, அழுகின செடிய வச்சு, இதுதான் எங்க வீட்டு மீன்னு காட்டச் சொல்றியா? மருந்து ஊத்தியிருக்குன்னு தெரிஞ்சா என்ன நெனப்பாரு? ஜோடி மீன் ஒண்ணு சீரா வேற குடுக்கணும். ஒரே வார்த்தை சொல்லு. போச்சா, போவலையா?”

இந்தக் கேள்வியைச் சுப்பையன் ஏற்கெனவே ஒருமுறை இவர் வாயால் கேட்டிருக்கிறான். அப்போது பெரட்டுக்களம். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் இடம். அவன் மனைவி சந்திரமதி எதிரே, கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் அடித்த காய்ச்சல் அன்று விட்டிருந்தது. கங்காணி பிரம்பை அக்குளில் சொருகிக்கொண்டு இவனைத்தான் கேட்டார்: போச்சா, போவலையா? போகவில்லை என்று சொன்னால் லயத்து வீடு போகும் என்று அர்த்தம். போயிருச்சு என்று சொன்னான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு ரப்பர் பால் வெட்ட மலைக்குப் போனாள். மூன்றாம் நாள் கித்தா மரத்தடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் அவளும். பால் அவள் முடியில் ஒட்டி உறைந்துவிட்டது. முடியை வெட்டித்தான் புதைத்தார்கள்.

சுப்பையன் பித்தளை யானையைப் பார்த்தான்.

“போயிருச்சு கங்காணி.”

“என்னடா சொன்ன?”

“போயிருச்சு முதலாளி.”

“அப்படிச் சொல்லு. எல்லாத் தண்ணியையும் கொட்டு. பளிங்கு மாதிரி இருக்கணும். செடிய நான் வாங்கிட்டு வரச் சொல்றேன்.”

மத்தியானம் முழுக்க அஞ்சலை டின் டின்னாகத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். கடைசி டின்னை இறக்கும்போதுதான் கேட்டாள்.

“தெரிஞ்சே சொன்னீங்களா அண்ணே?”

“சனிக்கிழமை தாண்டட்டும். கையெழுத்து ஆவட்டும். அப்பறம் திருட்டுத்தனமா மருந்து போட்டுக்கலாம்.”

“அந்த ஜோடி மீனு அவுங்க வீட்டுக்குப் போவுதே.”

“அது அவுங்க வீடு.”

 அஞ்சலை முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் அந்தக் காகிதம் வேண்டியிருந்தது.

*

பொன்னுதுரை வேட்டியும் கோட்டுமாக வந்தார். பெண்ணைப் பார்த்ததைவிட மீனைப் பார்த்தது அதிகம். கோகிலா காப்பித் தட்டோடு நின்ற நேரமெல்லாம் அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார்.

“யார் பாத்துக்கிறது இதையெல்லாம்?”

“நான்தான். வேலைக்காரங்கள நம்பிக் குடுக்க முடியுமா? காலையில எந்திரிச்சா முதல் வேலை இதுகதான்.”

அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்த அஞ்சலைக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. சுப்பையன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண் கூடத்து மேசை மேலேயே இருந்தது.

சிங்கப்பூர் ஜோடி கண்ணாடி ஜாடியில் பண்டார் ஹிலிருக்குப் போனது. பொன்னுதுரை ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, காரில் ஏறும்போது, அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்து வருகிறோம் என்றார். கலியாணசுந்தரத்துக்குக் கால் தரையில் படவில்லை. சுப்பையன் தலையைச் சொறிந்துகொண்டு மேசையோரமாகப் போய் நின்றான்.

“முதலாளி, அந்தக் காகிதம்…”

“இன்னிக்கு என்ன கிழமைடா? சனிக்கிழமை எவனாவது கையெழுத்துப் போடுவானா? ஓடிப்போவாது. போ.”

திங்கட்கிழமை லோரி கெட்டுப்போனது. செவ்வாய்க்கிழமை அவருக்குத் தலைவலி. சுப்பையன் இரண்டு நாளும் மருந்துப் புட்டியை மடியில் செருகிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தான். தூளைத் தூவினால் செடி வாடும், செடி வாடினால் கேள்வி வரும். கையெழுத்துக்கு முன் கேள்வி வரக்கூடாது. புட்டி மடியிலேயே இருந்தது.

புதன்கிழமை புள்ளி திரும்பி வந்தது. உப்பைத் தூவியது போல என்று இப்போது சொல்ல முடியாது. மாவில் புரட்டி எடுத்தது போல. ஒன்பது மீன்களும் வாலைச் சுருக்கிக்கொண்டு மேல்மட்டத்தில் மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றன. புட்டியில் மிச்சமிருந்ததை முழுக்கக் கொட்டினான். நாக்கில் வைத்துப் பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. புகுந்துவிட்டதை மருந்து எட்டாது என்று தெரிந்தே கொட்டினான். வியாழக்கிழமை ஐந்து, வெள்ளிக்கிழமை நாலு. கடைசியாகச் செத்தது ஒரு பெரிய சிவப்பு மீன். அது சாகும்வரை கல்லில் உடம்பை உரசி, ஒரு பக்கச் செதிலே இல்லாமல் மிதந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பொன்னுதுரையின் கார் வந்து நின்றது. அவர் கையில் ஒரு பீங்கான் பேசின், மேலே ஈரத்துண்டு. கூடத்தில் நுழைந்து மேசை மேல் அதை வைத்துத் துண்டை எடுத்தார். இருபத்துமூன்று மீன்கள். சிலது ஒரு சாண் நீளம்.

“இது ஏழு வருஷமா இருந்தது,” என்று ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். “எம் பொஞ்சாதி கையால சோறு தின்னது. அவ போயி அஞ்சு வருஷமாச்சு. உங்க ஜோடியச் சேத்து விட்டேன். ஆறே நாள். மூணு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே வாளி. ஒண்ணு மிச்சமில்ல.”

கலியாணசுந்தரத்துக்கு வேர்த்துக் கொட்டியது. “எங்களுக்கும் இப்பத்தான்… எப்படி வந்துச்சுன்னே…”

“எப்படி வந்துச்சா? அடியில கிடக்குற கல்லுல கொயினாத் தூள் படிஞ்சிருக்குது. செடி போன வாரம் நட்டது. நோய் இருந்து, மருந்து ஊத்தி, பாதியில நிறுத்தி, என் தலையில கட்டியிருக்கீங்க. எனக்குத் தெரியாதா?”

“ஐயா, நான் எங்கங்க இதையெல்லாம் பாக்குறேன். லோரி வேலையே சரியா இருக்கு. வேலைக்காரங்கதான்…” அவர் திரும்பினார். வாசற்படியில் சுப்பையனும், அவனுக்குப் பின்னால் அஞ்சலையும் நின்றார்கள். “யாருடா சொன்னது நோய் போயிருச்சுன்னு? சொல்லு! யாரு மருந்த நிறுத்தினது?”

கேள்வி இரண்டு. இரண்டுக்கும் பதில் அந்தக் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. முதலாவது தானென்று சொன்னால் தன் காகிதம் போகும். இரண்டாவது முதலாளி என்று சொன்னாலும் போகும். பித்தளை யானைக்கு அடியில் காகிதத்தின் ஓரம் மின்விசிறிக் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது. அஞ்சலை அவன் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, “சொல்லுங்கண்ணே,” என்றாள்.

“அஞ்சலதாங்க,” என்றான் சுப்பையன். “மீன் வேலை அதுதான் பாக்குது. மருந்து போட்டதும் அதுதான். கஷ்டமா இருக்குன்னு பாதியில நிறுத்திருச்சு. சரியாப் போச்சுன்னு முதலாளிகிட்ட சொன்னதும் அதுதான்.”

அவன் குரல் உடையக்கூட இல்லை. தோட்டத்தில் ஆள் கணக்கு ஒப்பிப்பது போல வந்தது.

“அண்ணே?” என்றாள் அஞ்சலை. 

பொன்னுதுரை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பேசினை எடுக்கவில்லை.

“யாரு செஞ்சா எனக்கென்ன. மீனோட நோய மறைச்சுக் குடுத்த வீடு, பொண்ணோட எத மறைச்சிருக்கோ. நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்.”

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கோகிலாவின் வளையல் ஒருமுறை சத்தம் போட்டு அடங்கியது.

கார் போனதும் கலியாணசுந்தரம் பேசினுக்குள் கையை விட்டார். அகப்பட்ட மீனை எடுத்து அஞ்சலையின் முகத்தில் அடித்தார். இன்னொன்றை எடுத்தார். அவள் கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் போனாள். செதில் அவள் கன்னத்திலும் கழுத்திலும் ஒட்டி மின்னியது.

“பதினோரு வருஷம் சோறு போட்டதுக்கு எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணு போட்டியாடி? கெளம்பு. இந்த நிமிஷமே கெளம்பு!”

“முதலாளி, நான் வேண்டாம்னுதானே… மருந்து இன்னும் போடணும்னு நான்தானே சொன்னேன். சாமி சத்தியமா நான்தானே…”

அவர் யானையை நகர்த்தி மேல் காகிதத்தை எடுத்தார். பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்து நாலாகக் கிழித்துப் பேசினுக்குள், செத்த மீன்களின் மேல் போட்டார். அஞ்சலை பாய்ந்து வந்து அதைப் பொறுக்கினாள். எழுத்து தண்ணீரில் ஊறி ஊதாவாகக் கசிந்தது. கசங்கிய நாலு துண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, அதனால் இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தே முடிந்துகொண்டு, தன் தகரப் பெட்டியை எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள்.

சுப்பையன் நின்ற இடத்திலேயே நின்றான். கலியாணசுந்தரம் நாற்காலியில் விழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். மூச்சு வாங்கி அடங்கியதும் அவனைப் பார்த்து, எதிர்பாராத விதமாக, சிரித்தார்.

“எனக்குத் தெரியாதாடா? மருந்த நிறுத்தச் சொன்னது நான். போயிருச்சுன்னு சொன்னது நீ. அவ கரடியாக் கத்தினா, அடுப்படியிலேருந்து. எனக்குக் காது இல்லையா?”

சுப்பையன் தரையைப் பார்த்தான். அவன் காலருகே ஒரு மீன் கிடந்தது.

“இருந்தாலும் சொன்ன பாரு, கண்ணு சிமிட்டாம. நாற்பது பேர ஒத்தைப் பிரம்ப வச்சுக்கிட்டு எப்படி மேய்ச்சேன்னு டவுன்ல பல பேரு கேப்பான். பிரம்பு எதுக்குடா? லயத்துக்கு ஒருத்தன் உன்ன மாதிரி இருந்தான். அது போதும்.” பேனாவைத் திறந்தார். “அவ இருந்தா நாலு வீட்டுல சொல்லுவா. நீ சொல்ல மாட்ட. அதனால நீ இரு.”

கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை காகிதத்தை ஆட்டினார். பிறகு நீட்டாமல், தரையில் கிடந்த மீனுக்குப் பக்கத்தில் விழும்படி விட்டார்.

“மொதல்ல காகிதத்தப் பொறுக்கு. அப்பறம் மீனு. சாயங்காலம் அடுப்பும் நீதான் பாக்கணும். புது ஆள் கிடைக்கிறவரைக்கும்.”

சுப்பையன் குனிந்து பொறுக்கினான். அவர் சொன்ன வரிசையிலேயே பொறுக்கினான்.

*

கந்தோர் மூடுவதற்குள் போய்விட வேண்டுமென்று கேட்டபோது கலியாணசுந்தரம் தலையசைத்து விட்டார். சுப்பையன் கையிலிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கந்தோர் இருந்த பண்டார் ஹிலிருக்குப் போக வேறு பாதை இருந்தது, செட்டிக் கம்பத்தைச் சுற்றி. அது தூரம். வெள்ளிக்கிழமை; கந்தோர் சீக்கிரம் அடைப்பார்கள். நேர் பாதையிலேயே நடந்தான்.

பஸ் நிற்கும் மரத்தடியில் அஞ்சலை தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். செங் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் தூரத்து உறவு ஒருத்தி இருப்பதாக முன்பு சொல்லியிருக்கிறாள். முகத்தைக் கழுவியிருந்தாள். ஆனாலும் காதோரத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

தலையைக் குனிந்துகொண்டே கடந்துவிடப் பார்த்தான். அவள் எழுந்து குறுக்கே வந்து நின்றாள்.

“போட்டுட்டாரா?”

“ம்.”

“காட்டுங்க.”

அவன் அட்டையை விரித்தான். ஏன் விரித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கையெழுத்து எது என்று தெரிந்தது. கீழே ஊதா மையில் நீளமாக ஓடியிருந்ததை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதே மாதிரிதான் எனக்கும் இருந்திருக்கும், இல்ல?”

“அஞ்சல, நான் என்ன செய்வேன். ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தராவது…”

அவள் காறித் துப்பினாள். அவன் மூக்கிலும் வாயிலுமாக விழுந்து வழிந்தது. மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு சீனப் பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சுப்பையன் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. முதலில் காகிதத்தைத்தான் பார்த்தான். அதன் மேல் ஒரு சொட்டும் படவில்லை. மெதுவாக அட்டையை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு, அப்புறம்தான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கந்தோர் வாசலில் வரிசை சாலைவரை நீண்டிருந்தது. கடைசியில் போய் நின்றுகொண்டான்.